ஐந்தாவது எலுமிச்சம்பழம்

மேல்முடியிலிருந்து அடிவாரத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அந்த இருபதையும் இறங்கி, டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டு, மறுபடி இருபதையும் ஏறி வீடு திரும்புகிறவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு இருந்தது ஒரு கார். அதை ஓட்ட இருந்தது ஒரே ஆள், ரெஜினா.

ரெஜினாவுக்கு முப்பத்தொன்பது வயது. முதுகுத்தண்டில் ஆபரேஷன் என்று மதுரை டாக்டர் நாள் குறித்துவிட்டார். அடுத்த மாதம் போய்ப் படுத்தால் ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

அந்த மூன்று பேரில் ஒருத்தி செண்பகம். அவள் புருஷன் சங்கிலிமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவர். கார் நின்றால் மனைவியின் உயிரும் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஐம்பத்தேழு வயதில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ரெஜினா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரம்மா, எனக்குக் கத்துக்கொடுங்க. நான் ஓட்டுறேன்."

"கார் ஓட்டத்தான் லைசென்ஸ் வாங்கிட்டீங்களே அண்ணே."

"அது கவர்மெண்டு கொடுத்தது. நீங்க கொடுக்கணும்."

ரெஜினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்கு வாங்க" என்றாள்.

அவர் சேர்ந்த மூன்றாம் நாள் ஆயுத பூஜை. ரெஜினா கோயிலுக்குப் போகிறவள் அல்ல, சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் காருக்கு உண்டானதைக் காருக்குச் செய்துவிட வேண்டும் என்று எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போய்விட்டாள். சங்கிலிமுத்து டிக்கியில் இருந்த விரிப்பு வரைக்கும் எடுத்துக் கழுவிக் காயப்போட்டார். நாலு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம். நாலுக்கும் அடியில் பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கினார். எல்லாம் ஜோராக நடந்தது.

சாயங்காலம் ரெஜினா கேட்டாள். "அஞ்சு பழம் கொடுத்தேனே?"

"ஒண்ணு மிச்சம் இருந்தது. சர்பத் போட்டுக் குடிச்சுட்டேன் வாத்தியாரம்மா."

"நல்லா இருந்துச்சா?"

"சர்க்கரை கொஞ்சம் கம்மி."

"சரி, வண்டியை எடுங்க. ஒரு வளைவு போயிட்டு வருவோம்."

முதல் திருப்பத்திலேயே பின்னால் டமார் என்று ஏதோ மோதியது. அடுத்த திருப்பத்தில் இந்தப் பக்கம் ஒரு டமார். சங்கிலிமுத்து பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார். டிக்கியைத் திறந்தால், ஐந்தாவது சக்கரமான ஸ்டெப்னி தன் குழியை விட்டு வெளியே வந்து குறுக்கே கிடந்தது. அதைப் பிடித்து வைக்கிற போல்ட்டை விரிப்பு கழுவும்போது அவர்தான் கழற்றினார். திரும்ப மாட்டவில்லை.

"இவருக்கு வாங்கின பழம்தான் அண்ணே அது" என்றாள் ரெஜினா.

சங்கிலிமுத்துவின் காது மடல் சூடாகிவிட்டது. மெஷின்காரர் அல்லவா, ஒரு போல்ட்டை விட்டுவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிவு கட்டினார். இந்த ஒரு சக்கரத்தை முழுசாகக் கற்காமல் விடுவதில்லை.

"வாத்தியாரம்மா, சாவி எப்போ என் கைக்கு வரும்?" என்று மறுநாள் கேட்டார்.

"சக்கரத்தைக் கழட்டுங்க" என்றாள் ரெஜினா.

கழற்றினார். மாட்டினார். தினமும் அதே கேள்வி, தினமும் அதே பதில். வண்டியைச் சமதரையில் நிறுத்து. ஹேண்ட்பிரேக்கைப் போடு. உள்ளே இருப்பவர்களை இறக்கிவிடு. சக்கரத்துக்குக் கல் வை. ஜாக்கி தூக்குவதற்கு முன்னால் நட்டைத் தளர்த்து. ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போடு.

"அது எதுக்கு அடியில?"

"படுக்கப் போடுங்க" என்றாள் ரெஜினா. மழை பெய்து ஊறிய ஒரு காலையில் ஜாக்கி மண்ணில் புதைந்து நழுவியது. வண்டி அடியில் கிடந்த சக்கரத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தது. சங்கிலிமுத்துவின் கை வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் முழுசாக இருந்தது. அந்தக் கேள்வியை அவர் அப்புறம் கேட்கவில்லை. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை மட்டும் செதுக்கிக்கொண்டு வந்தார்.

ஸ்டெப்னியில் மற்ற நாலை விடக் கொஞ்சம் கூடவே காற்று இருக்கட்டும், சும்மா கிடந்தாலும் காற்று இறங்கும் என்று ரெஜினா சொன்னதையும் நோட்டில் எழுதி வைத்தார். அந்த நோட்டைப் பார்த்து செண்பகம் சிரித்தாள். "என் மாத்திரைப் பேரு ஒண்ணு கூட இதுல இல்லையே" என்றாள்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மூன்று நோயாளிகளோடு மேலே ஏறி வரும்போது பதினாறாவது வளைவில் நிஜமாகவே பஞ்சர். சங்கிலிமுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரெஜினா. அவள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாய்ப் போய் நின்றாள்.

வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தினார். எல்லாரையும் மலைப்பக்கமாக உட்கார வைத்தார். கல், பலகை, ஜாக்கி. நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கினார். பஞ்சரான சக்கரத்தைக் குழியில் வைத்து போல்ட்டை இறுக்கினார். பதினோரு நிமிஷம்.

"எங்க மருமகன் கூட இப்படி மாட்ட மாட்டான்" என்று நோயாளிகளில் ஒருவரான இப்ராகிம் பாய் களைத்த குரலில் பாராட்டினார். செண்பகம் முந்தானையால் புருஷனின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அந்த மனுஷனுக்கு அது போதாதா?

தன் வீட்டு வாசலில் ரெஜினா சாவியை நீட்டினாள். "செவ்வாய்க்கிழமை நீங்களே போங்க அண்ணே."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை முழுக்க ஊரில் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தார். ஞாயிறு ரெஜினா வீட்டுக் கொட்டகைக்குப் போய் வண்டியைக் கழுவினார். திங்கட்கிழமை நாலு சக்கரத்துக்கும் காற்று பார்த்தார்.

செவ்வாய் விடிகாலை வண்டி கிளம்பியது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். தவறினால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இருபது, பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு. பதினாறாவது வளைவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டோரமாய் ஒரு கல் தெரிந்தது. அவர் சக்கரத்துக்கு வைத்த கல். எடுத்துப் போடாமல் வந்திருக்கிறார்.

அதைப் பார்த்ததும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குக் குழியில் வைத்து இறுக்கினாரே, அந்தச் சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடை அடிவாரத்தில் இருக்கிறது. நாலு நாளாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

வண்டியை நிறுத்தினார்.

"என்னாச்சுங்க?" என்றாள் செண்பகம்.

மழுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. "ஸ்டெப்னியில காத்து இல்ல. பஞ்சர் போட மறந்துட்டேன்" என்றார்.

மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் இறங்கி, அதே கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தார். டிக்கியைத் திறந்து, பைகளை எடுத்து வெளியே வைத்து, விரிப்பைத் தூக்கினார்.

சக்கரத்தின் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

டயரை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. அழுத்தியது போதாதென்று காற்றை அளக்கும் கேஜை எடுத்து வைத்துப் பார்த்தார். மற்ற நாலை விடக் கொஞ்சம் கூடவே காட்டியது. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். கல்லை எடுத்து ரோட்டை விட்டு வெகுதூரம் தள்ளிப் போட்டார். அப்புறம்தான் ஸ்டியரிங்கில் கை வைத்தார். ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது.

சாயங்காலம் எல்லாரையும் வீட்டில் இறக்கிவிட்டு ரெஜினா வீட்டுக்குப் போனார். அவள் இடுப்புக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். சங்கிலிமுத்து சாவியை அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கு இதுக்குத் தகுதி இல்ல வாத்தியாரம்மா. மறந்துட்டேன்."

"எங்க வெச்சு ஞாபகம் வந்துச்சு?"

"பதினாறுல."

"திறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"காத்து இல்லாம இருந்திருந்தா?"

அவர் யோசிக்கவில்லை. இருபது வளைவும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். "போயிருப்பேன். வளைவுக்கு வளைவு இறங்கி நாலையும் தொட்டுப் பாத்துப் போயிருப்பேன். அவங்களை இறக்கிவிட்ட கையோட பஞ்சர் கடை. அப்புறம்தான் பச்சைத்தண்ணியே குடிச்சிருப்பேன்."

ரெஜினா தலையை ஆட்டினாள்.

"சாவி என்கிட்டதானே இருந்தது. எப்படித் திறந்தீங்க?"

அவள் சுவரைக் காட்டினாள். மாதா படத்துக்குக் கீழே ஆணியில் இன்னொரு சாவி தொங்கியது. "சனிக்கிழமை பால்காரரை விட்டுச் சக்கரத்தை எடுத்து, அவர் வண்டியிலயே பஞ்சர் கடைக்குக் கொடுத்துவிட்டேன். ராத்திரிக்குள்ள வந்துடுச்சு."

வந்தது கோபமா அழுகையா என்று சங்கிலிமுத்துவுக்கே பிடிபடவில்லை. "நாலு நாளு எதிர்ல எதிர்ல வந்து நின்னேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வாத்தியாரம்மா?"

ரெஜினா மெதுவாக எழுந்து, ஆணியில் இருந்த சாவியை எடுத்தாள். அவர் வைத்த சாவியோடு சேர்த்து இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"சொல்லியிருந்தா அது என் ஞாபகமா இருந்திருக்கும் அண்ணே. அடுத்த வாரம் என் ஞாபகம் மதுரையில படுத்திருக்கும்."