கிணற்றுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பாத்தி

"இந்த மடத்துல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். உச்சிப் பூசைக்குள்ள சொல்லிருங்க, தாயே."

குற்றாலலிங்கம் மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டே வந்திருந்தார்.

மடத்துத் தலைவி உலகம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பது. சீடர் குற்றாலலிங்கத்துக்கு அறுபதுக்கு மேல். நில அளவைத் துறையில் ஊர் ஊராகச் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். கோபத்தை விட வேண்டும் என்று சொல்லி மடத்துக்கு வந்தவர். வந்த இடத்தில் அதற்கு நல்ல தீனி கிடைத்துவிட்டது.

"யாரு அந்த அவன்?"

"வேற யாரு? சமையக்கார வீரபாகுதான்."

"என்ன செஞ்சாரு?"

"நேத்துத்தான் கத்தரி நாத்து நட்டேன். நடுப்பாத்தியில குடத்தோட ஏறி இறங்கியிருக்கான். அவன் கால் பட்ட இடமெல்லாம் செடி செத்துக் கிடக்கு."

உலகம்மை அடுத்த திரியை எடுத்தார்.

மடத்துக்குப் பின்னால் இருப்பது தாழ்ந்த நிலம். ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று வேர் அழுகிவிடும். அதனால் மண்ணை உயர்த்தி மேட்டுப்பாத்தி போடலாம் என்று சொன்னவர் உலகம்மை. அதை வகுக்கும் வேலையைக் குற்றாலலிங்கத்திடம் விட்டிருந்தார்.

அவர் நன்றாகத்தான் வகுத்தார். எந்தப் பக்கம் உட்கார்ந்து கை நீட்டினாலும் நடுச்செடி எட்டும் அகலம். பாத்திக்கும் பாத்திக்கும் இடையே ஒருவர் குந்தியிருந்து களை பறிக்க இடம். வெயில் எல்லாச் செடிக்கும் விழும்படி வடக்குத் தெற்காக நீளம். குறை சொல்ல முடியாத வேலை.

ஒன்றைத் தவிர. கிணறு கிழக்கே இருந்தது, சமையற்கட்டு மேற்கே. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடித் தடம் இருந்தது. பாத்திகள் அதை விழுங்கிவிட்டன. தெற்கே அவை மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றன. தண்ணீர் கொண்டுவருகிறவர் இனி வடக்கே போய், மாட்டுத்தொழுவத்தைச் சுற்றித்தான் வர வேண்டும்.

மறதி என்று சொல்லிவிடலாம். ஆனால் முதல் வரைபடத்தில் நடுவே வழி இருந்தது. அந்த வரைபடத்தைத்தான் வீரபாகு ஒருநாள் உளுந்தவடையின் எண்ணெய் வடிய அடியில் விரித்துவிட்டான். விரித்ததோடு விட்டானா? "சர்வேயர் அண்ணாச்சி, உங்க படத்துல இன்னைக்குத்தான் ஏதோ விளைஞ்சிருக்கு" என்று பந்தியில் வைத்துச் சொன்னான். பந்தியே சிரித்தது.

இரண்டாவது வரைபடத்தில் வழி இல்லை.

வீரபாகு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். கையில் கரண்டி.

"தாயே, என் குதிகாலப் பாருங்க. பாத்திக்குள்ள உடைமரத்து முள்ளு! மேல மண்ணத் தூவி மூடி வச்சிருக்காரு உங்க சர்வேயரு."

"பாத்திக்கு வேலி வேண்டாமா?" என்றார் குற்றாலலிங்கம்.

"வேலிய ஓரத்துல போடுவாங்க, வே. என் தடத்துல எதுக்குப் போட்டீரு?"

"உன் தடமா? பட்டா வச்சிருக்கியோ?"

"நீரு இந்த மடத்துக்கு வாரதுக்கு முன்ன இருந்த தடம்!"

"சுத்தி வந்தா இடுப்பு தேஞ்சிருமாக்கும்."

"ஆமா, தேயும். உமக்கென்ன, உக்காந்த இடத்துல தட்டு வருது."

வீரபாகு கரண்டியை உலகம்மையின் முன்னால் வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது எழுப்பிய சத்தத்தில் தொழுவத்து மாடு திரும்பிப் பார்த்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சமைக்கிறவர் கரண்டியைக் கீழே போட்டால் தலைமையில் இருப்பவர்தான் அதை எடுக்க வேண்டும். கரண்டி எடுத்தவர்தான் உலைநீரையும் இறைத்துச் சுமக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் மட்டும்.

அன்று அமாவாசை. மதியம் ஊரே சாப்பிட வரும்.

உலகம்மை கரண்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எனக்குப் பதில் சொல்லலியே, தாயே?" என்றார் குற்றாலலிங்கம்.

"உச்சிப் பூசைக்கு நேரம் இருக்கு, அண்ணாச்சி."

குற்றாலலிங்கம் பாத்தி ஓரத்தில் மூட்டையோடு போய் உட்கார்ந்தார். வீரபாகு சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்து ஊக்கால் முள்ளைத் தோண்டினான். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க இருவரும் பெரும்பாடு பட்டார்கள்.

உலகம்மை தண்ணீர் இறைத்தார். குடத்தை இடுப்பில் ஏற்றினார். வடக்கே நடந்து, தொழுவத்தைச் சுற்றி, சமையற்கட்டுக்கு வந்தார். கொட்டிவிட்டு, அதே சுற்றில் திரும்பினார்.

மறுபடியும்.

மறுபடியும்.

"கொடுங்க தாயே, நான் சுமக்கேன்" என்று எழுந்தார் குற்றாலலிங்கம்.

"சாம்பாரும் நீங்களே வச்சிருவீங்களா?"

குற்றாலலிங்கம் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெந்நீர்கூட அடிபிடிக்கும்.

அவருக்குக் கோபம் ஏறியது. முதலில் வீரபாகுவின் மேல் வந்தது: பாவி, தாயைக் குடம் தூக்க வைத்துவிட்டானே. பிறகு தொழுவத்தை வடக்கே கட்டியவன் மேல். அதன்பின் கிணற்றைக் கிழக்கே தோண்டியவன் மேல். அவன் செத்து மண்ணாகிப் பல தலைமுறை ஆகியிருக்கும், அவனையும் விடவில்லை. கடைசியில் உலகம்மையின் மேலேயே வந்தது. ஒரு முணுமுணுப்பு இல்லாமல் இப்படிச் சுற்றுவானேன்?

இத்தனை பேரைச் சுற்றிய கோபம் பாத்தி போட்டவர் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

தொழுவத்துச் சேற்றில் உலகம்மைக்குக் கால் வழுக்கியது. விழவில்லை. குடம் சாய்ந்து தண்ணீர் முழுவதும் மாட்டின் காலடியில் போயிற்று. அவர் சேலையைப் பிழிந்துகொண்டு, காலிக் குடத்தோடு கிணற்றுக்குத் திரும்பினார்.

நிறைகுடத்தோடு அவர் மீண்டும் வடக்கே திரும்பியபோது குற்றாலலிங்கம் துள்ளி எழுந்தார்.

"தாயே! குறுக்க வந்துருங்க!"

உலகம்மை நின்றார். "பாத்தி இருக்கே."

"மிதிங்க! கத்தரிதானே, மிதிச்சிட்டு வாங்க!"

"முள்ளு இருக்கே, அண்ணாச்சி."

சமையற்கட்டுப் படியில் முள் தோண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

குற்றாலலிங்கத்துக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. மண்ணில் முழங்காலிட்டு உடைமுள்ளை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். விரலெல்லாம் ரத்தம். மண்வெட்டியை எடுத்தார். ஒவ்வொரு பாத்தியாக, கிழக்கிலிருந்து மேற்கே, நடுவில் வெட்டிப் பிளந்தார். தன் கையால் நட்ட நாற்றுகளைத் தன் கையாலேயே வாரி இரு பக்கமும் வீசினார். வெட்ட வெட்ட மூச்சு இரைத்தது. யாரையோ திட்டிக்கொண்டே வெட்டினார். யாரை என்பது வெளியே கேட்கவில்லை.

கடைசிப் பாத்தியும் பிளந்தது. கிணற்றடியிலிருந்து சமையற்கட்டுப் படி வரை நேராக ஒரு தடம் தெரிந்தது.

மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"வழி விட்டாச்சு. வாங்க, தாயே."

உலகம்மை வரவில்லை. குடம் இடுப்பில் இருந்தது, தண்ணீர் தளும்பியது, அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"யாருக்கு விட்டீங்க, அண்ணாச்சி?"

குற்றாலலிங்கம் தான் வெட்டிய தடத்தைப் பார்த்தார்.

உலகம்மை குடத்தை மெல்ல இறக்கிக் கிணற்று மேடையில் வைத்தார்.

பிறகு குற்றாலலிங்கம் சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"ஏல வீரபாகு!" என்று கத்தினார். "குடத்தோட நடக்க எவ்வளவு அகலம் வேணும்? வந்து நின்னு காட்டித் தொலை!"