கிடைநாட்டுக்குப் புதுப்பெயர் வைத்த கதை

விசயகெம்பீர பூபதி என்று ஒரு ராஜா. போர்க்களத்தைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. பெயரில் மட்டும் வெற்றிக்குக் குறைவில்லை. அவருடைய ராஜ்யத்தின் தெற்கு ஓரத்தில் கிடைநாடு என்றொரு சீமை. ஆடு மேய்க்கும் கீதாரிகள் காலங்காலமாக ஆட்டுக்கிடை போட்டு வயலுக்கு எரு சேர்த்த இடம், அதனால் அந்தப் பெயர். சரித்திரம் அவ்வளவுதான். ஆட்டுப்புழுக்கையில் தொடங்கும் சரித்திரம் அரண்மனைக்கு ஆகுமா?

ஆஸ்தானப் புலவர் அனந்தநாராயணக் கவிராயர் நூறு பாட்டில் புதுச் சரித்திரம் பாடிக் கொடுத்தார். ராஜாவின் பாட்டனார் அங்கே ஆயிரம் யானைகளை வென்றாராம். ஆயிரம் யானைக்குத் தண்ணீர் காட்ட அந்தச் சீமையில் ஒரு குளம் கிடையாது. கவிராயர் அதையெல்லாம் கவனிக்கிறவர் அல்ல. இனி அது விசயகெம்பீர வளநாடு, பழைய பெயரைச் சொன்னால் பன்னிரண்டு சவுக்கடி என்று ஆணை பிறந்தது. கிடைநாடு என்று யாரும் சொல்லக்கூடாது என முரசறைந்து சொன்னவனுக்கே முதல் பன்னிரண்டு விழுந்தது. சட்டம் என்றால் சட்டம்.

அடுத்து மாட்டியவள் மாடத்தி. வெண்ணெய் விற்க வந்தவளிடம் சுங்கச்சாவடியில் எந்த நாடு என்று கேட்டார்கள். நாற்பது வருஷப் பழக்கம், பழைய பெயர் வாயில் வந்துவிட்டது. பெயர்சூட்டு விழாவன்று சபையிலேயே அவளை அடிக்கலாம் என்று கவிராயர் யோசனை சொன்னார். விழா களைகட்ட வேண்டுமாம்.

மந்திரி பூவலிங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. அவரும் அந்தச் சீமைக்காரர். ஆனால் ராஜாவிடம் நியாயம் பேசினால் பன்னிரண்டு இருபத்துநாலாகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் குழைந்து பேசினார். இளைய அரசி செங்கமலத்தம்மாள் பிறந்த சீமையல்லவா, புதுப்பெயரை முதன்முதலில் அவர் திருவாயால் சபையில் சொன்னால் மங்களமாக இருக்கும் என்றார். ராஜா பூரித்துப் போனார். கவிராயரும் தலையாட்டினார்.

விழா நாள் வந்தது. பட்டத்தரசி முதல் எல்லா அரசிகளும் சபையில் வந்து அமர்ந்தார்கள். கையைக் கட்டி மாடத்தியை ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். பூவலிங்கம் எழுந்து, அரசியார் பிறந்தது எந்த நாடு என்று பணிவாகக் கேட்டார்.

அரசி வாயைத் திறந்தாள். மூடினாள். முகம் சிவந்துவிட்டது.

"சொல், செங்கமலம்" என்றார் ராஜா.

"மாட்டேன். கட்டின புருஷன் பேரை எந்தப் பொம்பளை வாயால சொல்லுவா? சொன்னா உங்க ஆயுசுதான் குறையும்."

தன் ஆயுசு விஷயத்தில் ராஜாவுக்கு அக்கறை அதிகம். சொல்லவே வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினார்.

"அப்போ பழைய பேரைச் சொல்லவா? பன்னண்டு அடியாமே. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

கவிராயர் விழித்துக்கொண்டார். அரசியாருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்றார்.

"பேஷ்" என்றார் பூவலிங்கம். "அரசியார் சொன்னால் குற்றமில்லாத பெயர், மாடத்தி சொன்னால் மட்டும் எப்படிக் குற்றமாகிறது என்று கவிராயர் நூற்றோராவது பாட்டில் பாடிவிட்டால் போதும்."

கவிராயருக்கு அன்று பாட்டு வரவில்லை. மாடத்தியை அடித்தால் தன்னையும் சேர்த்து அடிக்கட்டும் என்று அரசி நகராமல் நின்றாள். ராஜா அரசியைப் பார்த்தார், சவுக்கைப் பார்த்தார், ஆணையைக் கிழிக்கச் சொன்னார். மாடத்தியின் கட்டு அவிழ்ந்தது. அரசி தன் பட்டுச் சேலை ஒன்றை அவளுக்குக் கொடுத்தனுப்பினாள்.

ராஜாவுக்கு மனசு ஆறவில்லை. "என் பெயரை வைக்க இந்த ராஜ்யத்தில் வேறு நாடே இல்லையா, பூவலிங்கம்?"

"இல்லாமலா, மகாராஜா? தாங்கள் பெண் எடுக்காத நாடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று தேட ஆள் அனுப்பியிருக்கிறேன்."

முதலில் சிரித்தது பட்டத்தரசி. வேறு வழியில்லாமல் ராஜாவும் சிரித்துவைத்தார்.