முள்ளம்பன்றிப்பிள்ளைக்கு ஒரு பெஞ்சு

குளத்தங்கரை மருதமரத்துக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. டீச்சர் ஒரு எருமை. அதனால அந்தப் பள்ளிக்கூடத்துல மட்டும் யாரும் யாரையும் "எருமை!"ன்னு திட்ட முடியாது.

அங்க முக்கியமான பாடம் கால்தடம் படிக்கிறது. ஈரமண்ணுதான் பலகை. டீச்சர் கொம்பு நுனியால மண்ணுல தடம் வரைவாங்க. பிள்ளைங்க சுத்தி நின்னு, இது யாரு, எந்தப் பக்கம் போனாங்க, போய் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு படிப்பாங்க.

அங்க சுள்ளின்னு ஒரு முள்ளம்பன்றிக் குட்டி படிச்சா. முதுகு முள்ளைவிட அவ நாக்கு கூர். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி"ன்னு யாராவது சொன்னா, "நேத்து மட்டும் என்ன பனியா கொட்டுச்சு?"ன்னு சண்டைக்கு நிப்பா. ஆனா ஒரு நாள்கூட லீவு போட மாட்டா. காரணம் இருக்கு. அவ அப்பாவுக்குக் கண்ணு மங்கல். பள்ளிக்கூடம் விட்டதும் அவதான் அவரைத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போகணும். வளைகிட்ட வந்ததும் முள்ளைக் கலகலன்னு ஆட்டுவா. சத்தம் கேட்டு அப்பா வெளிய வருவாரு. வழியில கிடக்கிற தடத்தையெல்லாம் அவதான் படிக்கணும். தப்பாப் படிச்சா அன்னிக்கே கதை முடிஞ்சுது.

அந்த வருஷ மழையில பள்ளிக்கூடத்துக் கூரை அடிச்சுட்டுப் போயிடுச்சு. காடே சேர்ந்து திரும்பக் கட்டிக் குடுத்துச்சு. யானைங்க மரம் கொண்டு வந்து போட்டுச்சுங்க. மரங்கொத்தி பெஞ்சு செஞ்சாரு. பள்ளிக்கூடத்துத் தலைவரு மயிலு தன் தோகையையே குடுத்தாரு. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவும் மனசாரக் குடுத்தது. புதுக் கூரையைப் பார்த்ததும் சுள்ளியே, "பரவாயில்லயே!"ன்னா. அவ வாயில இருந்து அந்த வார்த்தை வந்தா, மத்தவங்க மாலை போட்ட மாதிரி.

உள்ள போனாங்க. தரை முழுக்கப் பூ. மெத்து மெத்துன்னு கணுக்கால் வரைக்கும் பூ! நாலு பக்கமும் மயில்தோகைத் தோரணம். எங்க திரும்பினாலும் நீலக் கண்ணு முழிச்சுப் பார்க்குது. நடுவுல வரிசையாப் புதுப் பெஞ்சு.

"எப்படி?"ன்னாரு மயிலு, கழுத்தை நீட்டி.

"அழகு!"ன்னு எல்லாரும் கத்தினாங்க. உண்மையிலயே அழகுதான்.

அப்புறம் உட்கார்ந்தாங்க. அங்கதான் வந்துச்சு வினை.

அணில் ஜம்முன்னு உட்கார்ந்துச்சு. கீரி காலை நீட்டி உட்கார்ந்துச்சு. கிளிக்குப் பிடிச்சுக்க ஒரு கம்பு, கச்சிதமா இருந்துச்சு. ஆமையைத் தூக்கிப் பெஞ்சுல வச்சாங்க. அது சரிஞ்சு விழுந்து, மல்லாக்கக் கிடந்து, "யாராவது திருப்பி விடுங்களேன்!"னு காலை ஆட்டுச்சு. தவளை காய்ஞ்ச பலகையில உட்கார்ந்து, "தோலு இழுக்குது டீச்சர்!"னு அழுதுச்சு. சுள்ளி உட்கார்ந்ததும் வலது பக்கம் கீரி "ஐயோ!"ன்னுச்சு, இடது பக்கம் அணில் "அம்மா!"ன்னுச்சு. அவ திரும்பினா, பின்னாடி தோரணம் 'பர்ர்'ருன்னு கிழிஞ்சுது.

சுள்ளி நேரா மரங்கொத்திகிட்டப் போனா. "மாமா! எனக்கு அளவே எடுக்கலயே! எதை வச்சுப் பெஞ்சு செஞ்சீங்க?"

மரங்கொத்தி தலையைச் சாய்ச்சுப் பார்த்தாரு. "பிள்ளைங்களுக்குச் செய்யச் சொன்னாங்க, செஞ்சேன்."

"நான் என்ன பாறாங்கல்லா?"

"கோச்சுக்காதம்மா. அணில்பிள்ளைக்கு அளவெடுத்தேன். கீரிப்பிள்ளைக்கு அளவெடுத்தேன். கிளிப்பிள்ளைக்கு அளவெடுத்தேன். காட்டுல பிள்ளைன்னு பேர் வச்சவங்க அவங்க மூணு பேருதானே? உன்னை யாராவது முள்ளம்பன்றிப்பிள்ளைன்னு கூப்பிட்டிருக்காங்களா?"

சுள்ளி விடுவாளா? "பேருல இல்லைன்னா பிள்ளை இல்லையா? ஆமை யாரு, தவளை யாரு? அவங்க அம்மா அவங்களைச் சந்தையிலயா வாங்கினாங்க?"

சத்தம் கேட்டு மயிலு ஓடி வந்தாரு. கிழிஞ்ச தோரணத்தைப் பார்த்ததும் அவரு முகம் வாடிப் போச்சு. "என் தோகை பாப்பா! நானே ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் கட்டினது!"

"தெரியும் தலைவரே. அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கண்ணுங்க எங்களையே பார்க்குது, நாங்க அதையே பார்க்கிறோம். டீச்சரை யாரு பார்க்கிறது? அதை விடுங்க. பூவைப் போட்டுப் பலகையை மூடிட்டீங்க! தடத்தை எங்க வரைவாங்க, வானத்துலயா?"

"குடுத்ததுக்கு நன்றி சொல்லத் தெரியாதா உனக்கு?"

"நன்றி இருக்கப் போயிதான் சொல்றேன்! இல்லைன்னா பேசாம எந்திரிச்சுப் போயிருப்பேன்!"

"அப்ப போ!"ன்னாரு மயிலு. "பெஞ்சுல ஒழுங்கா உட்காரத் தெரிஞ்ச அன்னிக்கு உள்ள வா!"

டீச்சர் ஏதோ சொல்ல வந்தாங்க. குடுத்தவங்க மனசு நோகுமேன்னு மென்னு முழுங்கிட்டாங்க. எருமைங்களுக்கு அசை போடுறது பழக்கம்.

சுள்ளி வெளிய வந்தா. கோபத்துல முள்ளெல்லாம் நட்டுக்கிட்டு நின்னுச்சு. சரி, இன்னிக்குச் சீக்கிரமே அப்பாவைக் கூட்டிட்டு வரலாம்னு கோரைப்புல்லு வழியா நடந்தா. அங்க ஈரமண்ணுல ஒரு தடம்.

புதுத் தடம். ஓரம்கூட இன்னும் காயல. பெரிய உள்ளங்கால், மேல நாலு விரல். நாய் மாதிரியும் இருக்கு, நாய் இல்லாத மாதிரியும் இருக்கு. அது தண்ணிப் பக்கமாப் போயிருக்கு. திரும்பி வந்த தடம் இல்ல.

இந்தப் பாடத்தை டீச்சர் இன்னிக்குத்தான் நடத்துறதா இருந்தாங்க. அதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே இவளை வெளிய அனுப்பிட்டாங்க. நாயோட தடம்னா அப்பாவைத் தைரியமாக் கூட்டிட்டு வரலாம். முள்ளைச் சிலிர்த்தா அது ஓடிடும். வேற ஏதாவதுன்னா?

சுள்ளி முள்ளை அடக்கிக்கிட்டு, சத்தம் வராம, வந்த வழியே திரும்பினா.

"டீச்சர்! உள்ள வரல, வாசல்லயே நிக்கிறேன்! பெருசா நாலு விரல் தடம், யாரோடது?"

கிளி கழுத்தை நிமித்திச் சொல்லுச்சு: "நகம் தெரிஞ்சா நாய்! நகம் தெரியலைன்னா ஓடு! நகம் தெரிஞ்சா நாய்! நகம் தெரியலைன்னா ஓடு!"

"நகம் தடத்துல எங்க இருக்கும்? எப்படி இருக்கும்?"

கிளி முழிச்சுது. அணிலைப் பார்த்துச்சு. அணில் கீரியைப் பார்த்துச்சு. கடைசியில கிளி மெதுவா, "டீச்சர் வாயாலதான் சொல்லிக் குடுத்தாங்க. பலகை பூவுக்கு அடியில இருக்கு"ன்னுச்சு.

டீச்சர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அழகாப் பரப்பின பூவுன்னும் பார்க்கல, தலைவரு பார்க்கிறாருன்னும் பார்க்கல. கொம்பை விட்டு ஒரே இழுப்பு! பூமெத்தை சுருண்டு ஓரமாப் போச்சு. அடியில ஈரமண்ணு பளபளன்னு கிடந்துச்சு.

"கீரி, வந்து கையை வைடா! பாரு சுள்ளி, விரலுக்கு முன்னால குட்டிக் குட்டிப் புள்ளி. அதுதான் நகம். நாய், நரி, கீரி நடந்தா நகம் பதியும். பூனைச் சாதி நகத்தை உள்ள இழுத்து வச்சுக்கிட்டு நடக்கும். புள்ளி இருக்காது."

சுள்ளி வாசல்ல இருந்தே எட்டிப் பார்த்தா. "டீச்சர், நான் பார்த்ததுல புள்ளியே இல்ல."

"தடம் எவ்வளவு பெருசு?"

"என் முகம் அகலம்."

"சிறுத்தை!"ன்னாங்க டீச்சர்.

அப்பதான் சுள்ளிக்கு இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. பள்ளிக்கூடம் விடுற நேரம் ஆச்சு. அப்பா வளை வாசல்ல காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாரு. இவ ஓடினா முள்ளு கலகலன்னும். கலகலன்னா அவரு வெளிய வந்து தண்ணிப் பக்கம் நடப்பாரு. மெதுவாப் போனா நேரம் ஆயிடும், அவரே பொறுமை கெட்டுக் கிளம்பிடுவாரு.

"நான் பறக்கிறேன்!"ன்னுச்சு கிளி. "என்ன சொல்லணும்? சொல்லு, அப்படியே சொல்றேன்!"

சுள்ளி மூச்சுவிடாம கத்தினா: "அப்பா! காலை எடுத்து வெளிய வச்சீங்க, ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்! சிறுத்தை வந்திருக்கு! வயசானவருக்கு அப்படி என்ன அவசரம்?"

கிளி பறந்துச்சு. மிச்சப் பேரெல்லாம் கூரை மேல, மரத்து மேல, டீச்சர் வயித்துக்கு அடியிலன்னு கிடைச்ச இடத்துல ஒதுங்கினாங்க. கொஞ்ச நேரத்துல கோரை அசைஞ்சுது. சிறுத்தை தண்ணி குடிச்சு, வாயை நக்கிக்கிட்டு வந்துச்சு. வளைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துச்சு. அங்க யாரும் இல்ல. கொட்டாவி விட்டுட்டு மலைப்பக்கமாப் போயிடுச்சு.

அது கண்ணுக்கு மறைஞ்சதும் சுள்ளி ஓடினா. அப்பா வளைக்குள்ள பத்திரமா இருந்தாரு.

"குரல் கிளியோடதுதான்மா"ன்னு சிரிச்சாரு. "ஆனா திட்டு உன்னோடது. ஒரு வார்த்தை மாறல. அதான் நம்பி உள்ளயே இருந்துட்டேன்."

சுள்ளி கிளியைப் பார்த்தா. சொன்னதையே சொல்ற கிளிப்பிள்ளைன்னு எத்தனை தடவை அதைக் கேலி பண்ணியிருப்பா! "நீ சொன்னதையே சொல்ற. சொல்லிக்கிட்டே இரு. உனக்குக் கோடி நன்றி"ன்னா. கிளி உடனே, "உனக்குக் கோடி நன்றி!"ன்னு திருப்பிச் சொல்லுச்சு. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

மறுநாள் காலையில மயிலு தனியா வந்தாரு. தோரணத்துக்குக் கீழே நின்னு, "பாப்பா, நான் வந்து பார்க்கிறவங்க கண்ணை நினைச்சுட்டேன். உள்ள உட்கார்றவங்க முதுகை நினைக்கல"ன்னாரு.

சுள்ளி சண்டை போடல. "சாயங்காலம் மேற்கு வெயில் நேரா முதுகுல அடிக்குது தலைவரே. உங்க தோகையை அந்தப் பக்கம் மட்டும் தட்டியாக் கட்டினா எங்களுக்கு நிழல். எங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கும், வேடிக்கையும் பார்க்க முடியாது"ன்னா. மயிலு தானே ஏறிக் கட்டினாரு.

மரங்கொத்தி இந்தத் தடவை ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, "உனக்கு எப்படி வேணும்?"னு கேட்டாரு. ஆமை, "எனக்குப் பெஞ்சே வேணாம் மாமா. முன்னாடி சமமா ஒரு இடம் போதும்"னுச்சு. தவளைக்கு மரத்தைக் குடைஞ்சு தண்ணித்தொட்டி. சுள்ளிக்கு ஓரத்துல, முதுகை விரிச்சு உட்கார ஒரு அகலப் பெஞ்சு. பூவெல்லாம் வாசலுக்குப் போச்சு. நடுவுல வெறும் ஈரமண்ணு.

சுள்ளி சும்மா வரல. உதிர்ந்த முள்ளு ஒரு கத்தை கொண்டு வந்து டீச்சர் முன்னாடி போட்டா. "கொம்புல வரைஞ்சா நீங்க மட்டும்தான் வரையலாம். இதை ஆளுக்கு ஒண்ணு குடுங்க. எல்லாரும் எழுதலாம்."

அன்னிக்குத் தோரணத்தைக் கிழிச்ச முள்ளு, இன்னிக்கு எல்லார் கையிலயும் எழுதுகோல்!

டீச்சர் பேர் கூப்பிட ஆரம்பிச்சாங்க. "அணில்பிள்ளை!"

"உள்ளேன் டீச்சர்!"

"ஆமைப்பிள்ளை!"

ஆமை ஓட்டுக்குள்ள இருந்து தலையை முழுசா வெளிய நீட்டி, "உள்ளேன் டீச்சர்!"னுச்சு.

"தவளைப்பிள்ளை!"

தொட்டியில இருந்து 'தொபுக்'குன்னு ஒரு சத்தம். "உள்ளேன் டீச்சர்!"

"முள்ளம்பன்றிப்பிள்ளை!"

சுள்ளி எந்திரிச்சா. வாயைத் தொறந்தா. வாழ்க்கையில முதல் தடவையா அவளுக்கு எதிர்த்துப் பேச ஒரு வார்த்தை கிடைக்கல. முள்ளு மட்டும் கலகலன்னு சந்தோஷமா ஆடுச்சு.

படிக்கிற இடத்தை அமைக்கிறவங்க, பார்க்கிறவங்க கண்ணுக்காக இல்லாம, அங்க உட்கார்ந்து படிக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு அமைக்கணும். அப்படிக் கேட்டுக் குடுத்ததுக்குத்தான் நன்றி தானா வரும்.