மா ஒட்டிய கை

கடல் தாண்டிப் போனால், வருடத்தில் பாதி நாள் நனைந்தே கிடக்கும் ஒரு நகரம். அங்கே ஒரு தெருவின் கடைசியில் ஆறு அறைகள் கொண்ட வீடு. தாய் தகப்பன் இல்லாமல் தனியே வந்து சேர்ந்து, இங்கேயே இருக்க விடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டுக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பதில் வரும்வரை அதுதான் அவர்களுக்கு வீடு.

வீட்டைப் பார்த்துக்கொண்டவள் சுகந்தினி. இன்னும் நாற்பது ஆகவில்லை. அவளிடம் வேலை பழக வந்தவர் கனகாம்பிகை. ஐம்பத்தாறு வயது. ஊரில் நீதிமன்றத்தில் இருபது வருடம், சாட்சிகள் சொல்லச் சொல்ல எழுதியவர்.

வயதில் மூத்தவர் இளையவளை ‘ரீச்சர்’ என்று கூப்பிட்டார். முதலில் பகிடிக்கு. பிறகு அதுவே நிலைத்துவிட்டது. சுகந்தினி அவரை ‘அக்கா’ என்றாள். பிள்ளைகளுக்கு அவர் ‘அன்ரி’.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி உண்டு. அன்றன்று நடந்ததை வேலையில் நிற்பவர் அதில் எழுத வேண்டும். எழுதிய பக்கத்தைக் கிழிக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. கனகாம்பிகை, சுகந்தினி எழுதிய பக்கங்களைப் புரட்டினார்.

‘மழை. மத்தியானம் சாப்பிட்டாள்.’

மறுநாள்: ‘மழை விட்டது. பள்ளிக்கூடம் போனாள்.’

“ரீச்சர், உங்கட கொப்பியைப் பாத்தா இந்த வீட்டில மழையும் சோறும்தான் குடியிருக்குது போல.”

“ரெண்டும் நல்ல சனம் அக்கா. ஒருத்தரோடயும் சண்டைக்குக் கொழுவுறேல்லை.”

இன்னொன்றையும் கனகாம்பிகை கவனித்தார். எந்தப் பிள்ளையாவது குசினிக்குள் வந்து உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினால், சுகந்தினி உடனே மாச் சட்டியை இழுத்து ரொட்டிக்குக் குழைக்கத் தொடங்கிவிடுவாள். கதை முடியும்வரை கை கழுவ மாட்டாள். பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் ரொட்டி இருந்தது. எழுதுவதற்குப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் செய்கிறாள் என்று கனகாம்பிகை நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் கேட்டார்:

“ஒரு பிள்ளை மனம் விட்டுக் கதைச்சா, நான் என்ன செய்ய வேணும் ரீச்சர்?”

சுகந்தினி சட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

“மா குழையுங்கோ அக்கா.”

“அது சமையல் வேலையெல்லோ. நான் கேட்டது எங்கட வேலையை.”

சுகந்தினி சட்டியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் யதுசா என்றொரு பிள்ளை. பதினேழு வயது. வந்து எட்டு மாதம். எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்தவை ‘ஓம்’, ‘இல்லை’, ‘பரவாயில்லை’. வேறொன்றும் இல்லை.

ஒரு பின்னேரம் சுகந்தினி இன்னொரு பிள்ளையைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போயிருந்தாள். கனகாம்பிகை குசினி மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். யதுசா இறங்கி வந்து, குளிர்பெட்டியில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“அன்ரி, நீங்கள் ஊரில கோழி வளத்தனீங்களோ?”

“வளத்தம் பிள்ளை. ஏன்?”

“எங்கட வீட்டிலயும் கூடு இருந்தது. பெரிய கூடு. ஒரு ஆள் உள்ள இருக்கலாம்.”

கனகாம்பிகை அவளுடைய கொப்பியை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினார்.

பிள்ளை சொன்னாள். அப்பாவைப் பிடித்துக்கொண்டுபோன அன்றைக்கு அவள் அந்தக் கூட்டுக்குள் இருந்தாள். கம்பி வலைக்குள்ளால் பார்த்தாள். அப்பாவின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது கூட்டின் வாசலில் கிடந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

கனகாம்பிகை எழுதினார். கூட்டாமல், குறைக்காமல், வாயிலிருந்து விழ விழ எழுதினார். திகதி போட்டார், மணி போட்டார். ஊரை விட்டு வந்தபின் அவருடைய கை அப்படி ஓடியதே இல்லை.

“ம், சொல்லுங்கோ பிள்ளை. பிறகு?”

பிறகு ஒன்றும் வரவில்லை. கனகாம்பிகை கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தார். மாடிப்படியில் காலடி கேட்டது.

சுகந்தினி வந்து அந்தப் பக்கத்தை வாசித்தாள். நெடுநேரம் வாசித்தாள்.

“நல்ல கையெழுத்து அக்கா” என்றாள்.

மூன்று வாரத்தில், யதுசாவைப் பற்றிய தாள்கள் எல்லாவற்றையும் அனுப்பும்படி அரசாங்க அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். கொப்பியும் போனது. அடுத்த மாதம் கடிதம் வந்தது. சுகந்தினி அதைக் குசினியில் வைத்துத் தமிழில் சொன்னாள். தகப்பனைக் கொண்டுபோனபோது தான் பள்ளிக்கூடத்தில் இருந்ததாகப் பிள்ளை விசாரணையில் சொல்லியிருக்கிறாள். கோழிக்கூட்டுக்குள் இருந்ததாக வீட்டுக் கொப்பி சொல்கிறது. இரண்டில் எது உண்மை என்று தெரியாததால் எதையும் நம்புவதற்கில்லை. இங்கே இருக்க அனுமதி இல்லை.

யதுசா அழவில்லை.

“அம்மாதான் சொல்லித் தந்தவ. ஆர் கேட்டாலும் பள்ளிக்கூடத்தில நிண்டனான் எண்டு சொல்லு, பாத்தனான் எண்டு சொன்னா உன்னையும் கொண்டுபோயிடுவாங்கள் எண்டு. ஒன்பது வயசிலயிருந்து எல்லாருக்கும் அதைத்தான் சொன்னனான்.”

கனகாம்பிகை இருந்த பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு மட்டும்தான் மாத்திச் சொன்னனான்.”

அதன்பிறகு கனகாம்பிகை நிற்கும் நேரங்களில் அவள் குசினிக்குள் வரவில்லை.

மேல்முறையீடு என்று ஒரு வழி மிச்சமிருந்தது. யதுசாவின் வழக்கறிஞர் கனகாம்பிகையைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தமிழர்தான்.

“அந்தப் பிள்ளை உண்மையை முதல்முதல் சொன்னது உங்களுக்குத்தான் அம்மா. நீங்கள் வந்து சாட்சி சொன்னால் நீதிபதி நம்பக்கூடும். சொல்லேக்குள்ள அவள் எப்பிடி இருந்தவள்? அழுதவளோ? கை நடுங்கினதோ? எங்க பாத்துக்கொண்டு சொன்னவள்?”

கனகாம்பிகைக்கு அந்தப் பக்கம் நினைவு வந்தது. இருபத்திரண்டு வரி. ஏழாவது வரியில் பேனை கொஞ்சம் மங்கி, உதறி எழுதியது.

“எனக்குத் தெரியாது.”

“நீங்கள் முன்னுக்குத்தானே இருந்தனீங்கள்?”

“எழுதிக்கொண்டிருந்தனான்.”

“சரி அம்மா. அப்ப நீங்கள் வரத் தேவையில்லை” என்று வழக்கறிஞர் வைத்துவிட்டார்.

கனகாம்பிகை சுகந்தினியிடம் வந்து நின்றார்.

“நான் ஒரு சொல்லும் பொய்யாய் எழுதேல்லை ரீச்சர்.”

“இல்லை அக்கா.”

“அவளுக்கு உதவும் எண்டுதான் எழுதினனான்.”

“ஓம்.”

“அப்ப நான் விட்ட பிழை என்ன?”

சுகந்தினி யோசித்தாள்.

“ஊரில இருபது வருசம் சாட்சி எழுதினனீங்கள். எத்தினை பேர் இருப்பினம்?”

“ஆயிரம் பேருக்கு மேல.”

“ஒருத்தற்ற முகத்தைச் சொல்லுங்கோ.”

கனகாம்பிகை கண்ணை மூடிக்கொண்டு தேடினார். குரல்கள் வந்தன. மகனைத் தேடிய ஒரு கிழவியின் குரல், தண்ணீர் கேட்ட ஒருவனின் குரல். இருமல் வந்தது. அவர்கள் சொன்ன திகதிகள்கூட வந்தன. முகம் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

அவருக்கு முன்னால் மாச் சட்டி இருந்தது.

இந்தமுறை ஒன்றும் கேட்காமல் இரண்டு கையையும் உள்ளே விட்டார். உப்புப் போட்டு, தேங்காய்ப்பூவும் போட்டு, தண்ணீர் தெளித்துக் குழைத்தார். சுகந்தினி ஒரு மூலையில் இருந்து வெங்காயம் உரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் யதுசா தேத்தண்ணி வைக்க வந்தாள். கனகாம்பிகையைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள்.

“இண்டைக்குக் கொப்பி இல்லையோ?”

கனகாம்பிகை கைகளை உயர்த்திக் காட்டினார். விரல் தெரியாமல் மா ஒட்டியிருந்தது.

யதுசா கேத்திலை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை யன்னலைப் பார்த்து நின்றாள். பிறகு சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இப்பிடி இறுகினா ரொட்டி செருப்பு மாதிரித்தான் வரும்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது போலிருந்தது. அவள் ஒரு கையில் தண்ணீர் அள்ளி மாவில் விட்டாள். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கனகாம்பிகை சட்டிக்குள் கையை வைத்தபடியே நிமிர்ந்தார்.

“ஒண்டும் சொல்லாமல் போயிட்டாள் ரீச்சர்.”

“நீங்கள் என்ன பாத்தனீங்கள்?”

“இடது புருவத்தில ஒரு வெட்டு இருக்கு. பழைய காயம். செருப்பு எண்டு சொன்ன உடன கீழ் உதட்டை உள்ளுக்குக் கடிச்சவள். தண்ணி விடேக்குள்ள கை நடுங்கினது. இத்தினை மாசமாய் ஒரு வீட்டில இருக்கிறம். இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

சுகந்தினி எழுந்து, தண்ணீர்க் குழாய்க்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“கையைக் கழுவாதேங்கோ அக்கா. இதை எங்கயும் எழுத வேண்டாம்.”