கிழக்கு மண்டலத்துப் பெரியோர் ஏடு

ஏரிகளை ஏரி என்றே சொல்ல முடிந்த முன்னொரு காலத்தில், ஓர் அரசனுக்குக் கிழக்கு மண்டலத்தின் மேல் திடீர்ப் பாசம் பிறந்தது. தொள்ளாயிரம் ஊர்கள் கொண்ட மண்டலம் அது. அதன் பெரியோரையும் அவரவர் ஊர்களையும் ஓர் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றான்.

"அங்கே பிறந்த விகடகவி வேம்பனே எழுதட்டும்" என்று தேனொழுகச் சொன்னார் பிரதானி மகுடநாதர். "இருபது பெயர் போதும், அரசே. விடுபட்டவர் ஒருவர் முறையிட்டாலும் வேம்பனை நாடு கடத்திவிடலாம்."

அரசன் தலையாட்டினான். வேம்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அந்த மண்டலத்துக்காரர்கள் அவையிலேயே நாற்பது பேர். எப்படி எழுதினாலும் பாதிப் பேர் முறையிடுவார்கள்.

மறுநாளே அவன் வாசலில் பெரியோர் குவிந்தார்கள். ஒருவருடைய பாட்டனார் பட்டத்து யானையைத் தொட்டுப் பார்த்தவராம். இன்னொருவர் பிறந்ததால் அவர் ஊரே புண்ணியத் தலமாகிவிட்டதாம். அவர் அந்தப் பக்கம் போய் முப்பது வருடம். ஆஸ்தானப் புலவர் கார்மேகனார் தம்மைப் பற்றித் தாமே பாடிய நூறு பாட்டுகளை நீட்டி, "சுருக்கமாகச் சேர்த்துக்கொள், அப்பா" என்றார். "முதல் பெயர் என்னுடையது" என்று ஆளனுப்பினார் மகுடநாதர்.

குறித்த நாளில் வேம்பன் அவைக்கு வந்தான்.

"ஒன்பது பெயர் எழுதிவிட்டேன், அரசே. பதினோரு இடம் காலி. பெரியோர் எழுந்து பெயர் சொல்லலாம்."

நாற்பது பேரும் எழுந்தார்கள்.

"ஒரு வார்த்தை. கொக்குமடை ஏரி தூர்ந்து கிடக்கிறது. தூர்வாரும்போது முதல் கூடைச் சேற்றைப் பெரியோர்தான் தலையில் சுமந்து கரையேற்ற வேண்டும். எங்கள் மண்டலத்து வழக்கம். ஏட்டில் ஏறுகிறவர்கள் நாளைக் காலையில் கூடையோடு வரவேண்டும்."

கார்மேகனார் உட்கார்ந்தார். "யோசித்துப் பார்த்தால், நான் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம்."

"எனக்குக் கழுத்துப் பிடிப்பு" என்றார் யானைப் பாட்டனாரின் பேரன்.

மகுடநாதர் கைகூப்பினார். "நான் மிக எளியவன். என்னைப் போய்ப் பெரியவன் என்பதா?"

"விட்டுவிட்டதாக முறையிட மாட்டீர்களே?"

"சத்தியமாக மாட்டோம்!" நாற்பது குரலும் ஒன்றாக எழுந்தன.

அரசன் புருவத்தை உயர்த்தினான். "அந்த ஒன்பது பேர் யார்?"

"ஏரி தூர்வார யார் வருவீர்கள் என்று ஊர் ஊராக முரசறைந்து கேட்டதும் கூடையோடு வந்தவர்கள், அரசே. பனையடி ஊரில் மடை திறக்கும் கூத்தையன், வரகூர் மருத்துவச்சி சிலம்பாயி, இன்னும் ஏழு பேர். இப்போதும் ஏரிக்கரையில்தான் நிற்கிறார்கள்."

மகுடநாதர் பெருமூச்சு விட்டார். "நல்லது. எங்களுக்கு வேலையில்லை."

"இல்லாமல் என்ன, பிரதானி அவர்களே? பெரியோருக்கு ஒரே கூடை. பிறகு அவர்கள் நிழலில் உட்கார்ந்து மோர் குடிக்கலாம். மீதி ஏரியை அள்ளுவது எளியவர்கள். தாங்கள் எளியவர் என்று சற்றுமுன் அவையறியச் சொன்னீர்களே!"

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டான். மறுநாள் ஏரிக்குள் இறங்கி, சேறு சொட்டும் கூடையை மகுடநாதர் தலையில் தூக்கிவைத்தவன் வேம்பன்.