முன் ஆக்சில் என்ன சத்தம் போட்டது?

“ஒடியவே ஒடியாத ஆக்சில் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். மாட்டிக் குடுங்க, டீச்சர்.”

இப்படித்தான் ஒரு சீடன் ஒரு குருவிடம் வந்து சேர்ந்தான்.

சீடன் பெயர் சங்கையா. வயது ஐம்பத்தொன்று. ஜீப் டிரைவர். தொப்பை உண்டு.

குரு பெயர் அமலி. வயது முப்பத்துநாலு. மெக்கானிக். தாடி கிடையாது.

மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஜீப் பார்க்கிறாள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஸ்பேனரைத் தொடமாட்டாள். முதலில் கேள்வி கேட்பாள். அதனால் டிரைவர்களுக்கு அவள் டீச்சர்.

கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்.

“என்ன சத்தம் வருது?”

வந்தவன் அதை வாயாலேயே போட்டுக் காட்ட வேண்டும். முறுக்கு மீசைக்காரர்கள் ரோட்டோரம் நின்று ‘கொர்ர்ர்’ என்பார்கள். ‘ஙீஈஈ’ என்பார்கள். ‘கடகடகட ப்ளக்’ என்பார்கள். அமலி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எது போயிருக்கிறது என்று சொல்வாள்.

இந்த வித்தையில் சங்கையாதான் ராஜா. மலையில் ஓடும் பதினோரு ஜீப்பும் அவன் தொண்டையில் ஓடும். ஃபாரஸ்ட் கார்டின் கனைப்பு, கங்காணியின் கத்தல், பஞ்சாயத்துத் தலைவர் மைக்கைத் தட்டி ‘அலோ, அலோ’ என்பது, எல்லாம் அங்கேதான். தங்கள் வண்டி போடும் சத்தத்தைச் சொல்ல வராத டிரைவர்கள், டீ வாங்கிக் கொடுத்து அவனைத்தான் கூட்டி வருவார்கள்.

அமலி அவன் கொண்டுவந்த பிக்கப் வேனில் கிடந்ததை எட்டிப் பார்த்தாள். உடைக்கப்போட்ட பட்டாள லாரியின் முன் ஆக்சில். யானைக் கால் தடிமன்.

சாக்பீஸ் எடுத்து அதில் ஒரு கோடு போட்டாள். சுற்றினாள். எண்ணினாள். ஜீப்பின் பின் ஆக்சிலிலும் கோடு போட்டாள். சுற்றினாள். எண்ணினாள். முன்னும் பின்னும் சுற்று எண்ணிக்கை வேறானால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சாகும்.

“ஒரே கணக்கு. பொருந்தும். அகலம் மட்டும் கொஞ்சம் கூட. தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட்டை வெட்டி ஒட்டணும்.”

“அப்போ மாட்டிரலாம்?”

“பழசு என்ன சத்தம் போட்டுச்சு?”

சங்கையா வாயைத் திறந்தான். மூடினான்.

“சத்தமே வரல, டீச்சர்.”

“நாளைக்கு வாங்கண்ணே.”

*

சேனைக்காடு முப்பத்தெட்டு வீடு. ஏலக்காய் பறிக்கிறவர்கள். அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரு ஆற்றில் இறங்கி ஏற வேண்டும். ஏறும் கரையில் ஒரு பாறைப் படி. முன் சக்கரமும் இழுத்தால்தான் ஜீப் ஏறும்.

தை பன்னிரண்டாம் தேதி காமு என்ற பெண்ணைக் காட்டில் பாம்பு கடித்தது. சங்கையா அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தான். பாறைப் படியில் முன் ஆக்சிலுக்குள்ளே சக்கரத்தைச் சுழற்றும் ஷாப்ட் ஒடிந்தது. பின் சக்கரங்கள் கல்லைத் துப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றின.

போர்வையில் கட்டித் தூக்கினார்கள். தார் ரோடு ஏழு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டரில் போர்வையை இறக்கி வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு இருபத்தாறு வயது.

கட்டி இழுத்து வந்த ஜீப் நாலு மாதமாய் அமலியின் கொட்டகையில் நிற்கிறது. இன்னும் பத்து நாளில் மழை. மழை விழுந்தால் ஆறு, பாறை, சேறு. வேறு வண்டி அந்தப் பக்கம் வராது.

*

இரண்டாம் நாள் சீடன் கோபமாக வந்தான்.

“டமார்! போதுமா? டமார்னு ஒடிஞ்சுச்சு.”

“அது ஒடிஞ்ச சத்தம். அதுக்கு முன்னாடி?”

“முன்னாடி ஒண்ணுமில்ல. இளைச்ச ஆக்சிலு, டீச்சர். கம்பெனிக்காரன் போட்ட குச்சி. அதான் ஒடிஞ்சுபோச்சு.”

“சரி. அந்தக் குச்சியைக் கழட்டி வைங்க.”

“நானா?”

“நானா ஓட்டுனேன்?”

ஜீப்புக்கு அடியில் முதுகு தரையில் உரசப் படுத்து, சங்கையா கழற்றினான். துரு பிடித்த போல்ட்டுகள். மண்ணெண்ணெய் ஊற்றினான், தட்டினான், கெட்ட வார்த்தை சொன்னான். கெட்ட வார்த்தையை மட்டும் தன் சொந்தக் குரலிலேயே சொன்னான்.

மத்தியானம் ஞானதுரை என்றொரு டிரைவர் வந்தான்.

“டீச்சர், வண்டி ஒரு மாதிரி கத்துது. எனக்குச் சொல்ல வரல. யண்ணே சங்கையாண்ணே, நேத்து டீக்கடை முன்னால போனேனே, கேட்டியா? போட்டுக் காட்டேன்.”

சங்கையா அடியில் படுத்தபடியே போட்டான். “ஊஊஊம்ம்... க்ர்ரக். ஊஊஊம்ம்... க்ர்ரக்.”

“பின் பேரிங்,” என்றாள் அமலி.

“அடேங்கப்பா! வண்டிகூட இவ்வளவு தெளிவா கத்தலண்ணே!” ஞானதுரை கைதட்டிச் சிரித்தான்.

அமலி குனிந்து ஜீப்புக்கு அடியில் பார்த்தாள்.

“டீக்கடை முன்னால ஒரு தடவை போன வண்டிச் சத்தம் தெரியுது.”

அடியில் ஸ்பேனர் நழுவி விழுந்தது.

*

மூன்றாம் நாள் காலையில் மலையுச்சி தெரியவில்லை. மேகம் இறங்கியிருந்தது.

பத்து மணிக்கு ஒருவன் குடையும் கையுமாய் நடந்து வந்தான். பவுன்ராசு. காமுவின் புருஷன். தூரத்து எஸ்டேட்டில் வேலை பார்த்தவன். மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். பாம்பு கடித்த அன்று லீவில் வந்திருந்தான்.

“வண்டி எப்பண்ணே வரும்? எந்தங்கச்சிக்கு எட்டு மாசம். மேல மழை இந்தத் தடவை முந்திக்கிச்சு.”

“டீச்சரைக் கேளு.”

“டீச்சர்?”

“அண்ணனைக் கேளுங்க,” என்றாள் அமலி.

சங்கையாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம் தாயி இப்படிப் படுத்துற? மேல ஒரு உசுரு போனா நீ பதில் சொல்லுவியா?”

“போன உசுருக்கு யாரு சொல்றா?”

பவுன்ராசுதான் நடுவில் புகுந்தான். நல்ல மனுஷன்.

“அண்ணனை அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். இரும்பு ஒடிஞ்சா அண்ணன் என்ன பண்ணும்? அவளுக்கு நேரம் வந்துருச்சு. எங்காத்தா கார்த்திகையில செத்துச்சு. மருமகள்னா அதுக்கு உசுரு. அதான் வந்து கூட்டிட்டுப் போயிருச்சு.”

“எப்படித் தெரியும்?”

“அவளே சொன்னாளே! எம் மடியிலதான் தலை. ஆத்துல இறங்குற வளைவுல கண்ணைத் தொறந்து, ‘மாமியா வர்றாங்க’ன்னு சொன்னா. லேசா சிரிச்சா. அதுக்கப்புறம் பேசல.” பவுன்ராசு குடைத்துணியைத் தடவிக்கொண்டான். “அதை நினைச்சுத்தான் ராத்திரி தூங்குறேன்.”

சங்கையா ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அமலி கழற்றிப்போட்ட இரும்புகளுக்கு நடுவிலிருந்து ஒடிந்த ஷாப்ட்டை எடுத்தாள். கந்தல் துணியால் முனையைத் துடைத்து அவன் மடியில் வைத்தாள்.

“பாருங்க.”

ஒடிந்த முகத்தில் இரண்டு நிறம். பெரும்பகுதி கறுப்பு. துருவேறி, எண்ணெய் ஊறி, வரி வரியாய் இருந்தது. ஒரு ஓரம் மட்டும் வெள்ளையாய் மின்னியது. கட்டைவிரல் நகம் அளவு.

அமலி அந்த வெள்ளையைத் தொட்டாள்.

“இது தை மாசம் ஒடிஞ்சது.”

பிறகு கறுப்பைத் தொட்டாள். “இது அதுக்கு ரொம்ப முன்னாடியே விட்ட விரிசல்.”

கொட்டகைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது.

பதினோரு ஜீப்பையும் ஒரு பஞ்சாயத்துத் தலைவரையும் வைத்திருந்த தொண்டை திறந்தது.

“டக்,” என்றான் சங்கையா.

“சரியாப் போடுங்க.”

“டக்... டக்... டக்.” கைகள் ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல் தாமாகத் திரும்பின. “வளைவுல ஒடிச்சா மட்டும். நேரா போனா வராது.”

“எப்ப இருந்து?”

“ஆடியில இருந்து.”

“தை வரைக்கும் ஆறு மாசம். என்ன செஞ்சீங்க?”

சங்கையா பவுன்ராசுவைப் பார்க்கவில்லை. ஷாப்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். பேசப் பேசக் குரல் மாறியது. அவனுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

“சனிக்கிழமை சந்தைக்குப் பொம்பளைங்கள ஏத்திட்டு வருவேன். ஒரு நாளு காமு கேட்டுச்சு...”

கொட்டகைக்குள் ஒரு இளம்பெண் பேசினாள். “‘யண்ணே, அது என்னண்ணே டக்கு டக்குன்னு?’”

பவுன்ராசுவின் குடை கீழே விழுந்தது.

“நான் சொன்னேன், ‘உம் மாமியா கம்பு ஊனிக்கிட்டுப் பின்னாலயே வர்றா தாயி, சந்தையில நீ என்ன வாங்கித் திங்கிறன்னு பாக்க’ன்னு. வண்டியே சிரிச்சுச்சு. அதுல இருந்து ஒவ்வொரு வளைவுலயும் அதான். டக்குன்னா நான் திரும்பி, ‘வர்றா, வர்றா’ம்பேன். காமு வாயைப் பொத்திட்டுச் சிரிக்கும். கிழவி செத்த பிறகு நான் விட்டுட்டேன். காமு விடல. டக்குன்னா அதுவே சொல்லும்...”

நிறுத்தினான்.

“முழுசாச் சொல்லுங்க,” என்றாள் அமலி.

சங்கையா சொன்னான். காமுவின் குரலில், மெல்ல, மூச்சு வாங்க, லேசான சிரிப்போடு.

“‘மாமியா வர்றாங்கண்ணே.’”

தூறல் வலுத்தது.

“நான் ஆத்தான்னு நினைச்சேன்,” என்றான் பவுன்ராசு. மறுபடி சொன்னான். “எங்காத்தான்னுதான் நினைச்சேன்.”



அமலி எழுந்து போய் வெல்டிங் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அந்தப் பக்கம் பிடிங்கண்ணே. கனமா இருக்கும்.”

*

வெட்டி, ஒட்டி, மாட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. பவுன்ராசு இரண்டு நாளும் அங்கேயேதான் இருந்தான். கேட்டதை எடுத்துக் கொடுத்தான். சங்கையாவின் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்தான்.

கிளம்பும்போது சீடன் கடைசியாக ஒன்று கேட்டான்.

“இது ஒடியாதில்ல, டீச்சர்?”

அமலி கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“சத்தம் வந்தா அன்னைக்கே வந்து போட்டுக் காட்டுங்க.”

பவுன்ராசு முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் போய் உட்கார்ந்தான். காமுவைப் படுக்க வைத்திருந்த பலகையில்.

மழையில் ஜீப் கிளம்பியது. தார் ரோட்டை விட்டு மண்ரோட்டில் ஏறியது.  முதல் வளைவு வந்தது. சங்கையா ஸ்டியரிங்கை முழுதாய் ஒடித்தான்.

ஒரு சத்தமும் வரவில்லை.

அப்படியும் சங்கையா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, மழையில் குனிந்து முன் ஆக்சிலைப் பார்த்தான்.