மூன்று ஊற்றுகளின் ருசி

"எங்கே போய்ப் படிக்கட்டும், டீச்சர்?"

செருப்பைக் கழற்றும்போதே அமிர்தவல்லி கேட்டாள்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கல்லூரியில் சேர்ந்தவள் அவள். கணக்கில் ஒரு தாள் போய்விட்டது. இந்தக் கோடையில் எங்காவது சிறப்பு வகுப்பில் படித்து அதை முடிக்காவிட்டால் கடைசி ஆண்டு கிடையாது. மறுபடியும் தையல் மெஷின்தான்.

யசோதரை டீச்சர் அவளைவிட இளையவர். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, ஆற்றங்கரையில் பழைய மதகுக் காவலர் வீட்டில் தனியாக இருந்தார். தேடி வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவார். சில நாள் சும்மா உட்கார வைத்து அனுப்பிவிடுவார்.

"எங்கெங்கே விசாரிச்சீங்க அக்கா?"

"மூணு இடம். கடற்கரைப் பட்டணத்துல ஒண்ணு, பேர் பெத்த காலேஜ். ஃபீஸைக் கட்டிட்டா சோத்துக்கு இருக்காது. ஜில்லா தலைநகர்ல ஒண்ணு. ஃபீஸ் பரவாயில்ல, ஹாஸ்டல் செலவு இடிக்குது. அடுத்த ஊர்ல ஒண்ணு இருக்கு. காசு கம்மி. வீட்லேருந்தே போயிட்டு வந்துடலாம். ஆனா..."

"ஆனா?"

"தகரக் கொட்டகை, டீச்சர். அங்க படிச்சேன்னு யார்கிட்ட சொல்றது?"

டீச்சர் வெளியே பார்த்தார்.

ஆறு வற்றிக் கிடந்தது. வெயிலில் மணல் முழுவதும் தண்ணீரைப் போல அசைந்தது.

"ஆத்துல மூணு ஊத்து தோண்டியிருக்காங்க. எது இனிக்குதுன்னு குடிச்சுப் பார்த்துட்டு வாங்க."

"நான் கேட்டது என்ன, நீங்க சொல்றது என்ன?"

டீச்சர் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மணல் சுட்டது. தொண்டை வறண்டது. நடக்க நடக்கக் கரை கானலில் கரைந்து போயிற்று. எந்த வயதில் நடந்துகொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

முதலில் வந்தது ஆட்டுக்காரர்கள் தோண்டிய குழி. கலங்கலை இறைத்துக் கொட்டினாள். காத்திருந்தாள். தூக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல, மணலுக்கு அடியிலிருந்து தெளிந்த நீர் ஊறி வந்தது.

குடித்தாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

பனைமரத்தடி ஊற்றில் இரண்டு மிடறு.

பாலத்தடியில் சிமென்ட் உறை இறக்கிய பெரிய ஊற்று. ஊரே குடத்தோடு வரும் இடம். அங்கே நாக்கை நனைத்ததோடு சரி.

"என்ன அக்கா, மூஞ்சியச் சுளிக்கிறீங்க?" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

"ஆட்டுக்காரங்க ஊத்துதான் தேன். இதெல்லாம் ஒரு தண்ணியா?"

"ஆட்டோட சேர்ந்து குடிச்ச நாக்கு. அப்படித்தான் பேசும்."

குடங்கள் எல்லாம் சிரித்தன.

டீச்சரிடம் வந்து சொன்னாள். டீச்சர் தலையசைத்தார்.

"நாளைக்கும் இதே வெயில்ல போங்க. பாலத்துலேருந்து ஆரம்பிங்க."

"நாளன்னிக்கு எல்லா இடத்துலயும் அட்மிஷன் முடியுது, டீச்சர்!"

"நாளைக்குப் போங்க."

மறுநாள், அதே தாகத்தோடு பாலத்தடி ஊற்றில் குடிக்கக் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"என்ன அக்கா, நேத்து ஆட்டுக்காரனுக்கு வக்காலத்து வாங்கினீங்களே?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். பனைமரத்தடியில் ஒரு மிடறு குடித்தாள். ஆட்டுக்காரர்களின் குழிக்கு வந்தாள். கலங்கலை இறைத்தாள். காத்திருந்தாள். தெளிந்தது. வாயில் வைத்தாள்.

சப்பென்று இருந்தது.

குழியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பனையின் நிழல் மெல்ல மெல்ல நீண்டு அவள் மடியில் வந்து படுத்தது.

அவள் திரும்பி வந்தபோது டீச்சர் எதுவும் கேட்கவில்லை. எது இனித்தது என்று அவளும் சொல்லவில்லை.

"அடுத்த ஊருக்கு பஸ் எப்போ, டீச்சர்?"

"இப்போ ஒண்ணு வரும்."

நெடுநேரம் வெயிலில் இருந்ததில் தொண்டை மறுபடி வறண்டிருந்தது. மூலையில் இருந்த பானையிடம் போய்ச் சொம்பை எடுத்தாள்.

டீச்சர் பானையின் வாயைக் கையால் மூடினார்.

"இந்தத் தாகத்தோடயே போங்க அக்கா."